இலை போட்டாயிற்று, இனி என்ன?
மலையாள விருந்துக்கு முதன்முதலாகப் போகும் தமிழர்களுக்கு

கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலை. கோயம்புத்தூரிலிருந்து வேலைக்கு வந்த தமிழ்க் குமாஸ்தா ஒருவர் அங்கே இருக்கிறார். பக்கத்து மேசை மலையாளி நண்பர் தம் தங்கையின் கல்யாணப் பத்திரிகையை நீட்டுகிறார். "குடும்பத்தோட வரணும், கேட்டோ" என்கிறார். குமாஸ்தாவும் சிரித்த முகத்துடன் தலையாட்டுகிறார். ஆனால் கல்யாணத்தன்று அவர் போகவில்லை. மறுநாள் "உடம்பு சரியில்லை" என்று ஒரு பொய் சொல்லிச் சமாளிக்கிறார்.

உடம்புக்கு ஒன்றுமில்லை. கூச்சம்தான் காரணம். இலையில் இருபது வகை வைப்பார்களாம், எதை முதலில் தொடுவது? பாயசத்தை இலையிலேயே ஊற்றுவார்களாம், அதை எப்படிச் சாப்பிடுவது? ஏதாவது தவறு செய்தால் "பாண்டிக்காரன்" என்று சிரிப்பார்களோ? இந்தக் கேள்விகள்தான் அவரை வீட்டிலேயே உட்கார வைத்தன.

இடுக்கி மலையில் இதே கதை வேறு விதமாக நடக்கும். போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் விடியற்காலையில் ஜீப் ஏறி ஏலத் தோட்டத்துக்கு வரும் பெண்கள், தோட்டத்து வீட்டில் விசேஷம் என்றால் மறுக்காமல் போவார்கள். ஆனால் பந்தியில் உட்கார மாட்டார்கள். "எங்களுக்குப் பொட்டலமாக் குடுத்துருங்கக்கா, வீட்டுல போய்ச் சாப்பிட்டுக்கறோம்" என்று சமையல்கட்டுக்குப் பின்னால் நின்றுவிடுவார்கள்.

வாளையாறு, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் பக்கத்திலும், போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி பக்கத்திலும் வேலை செய்யும் தமிழர்களுக்கு இந்த விருந்து அழைப்பு என்றாவது ஒருநாள் வந்தே தீரும். கல்யாணம், ஓணம், புதுமனை புகுவிழா, குழந்தைக்குச் சோறு ஊட்டும் 'சோறூணு' என்று ஏதாவது ஒன்று இருக்கும். அங்கே கடைப்பிடிக்க வேண்டிய முறைகளோ மிகச் சிலதான். பாதிக்கு மேல் நம் ஊர் முறைகளேதான்.

பந்திக்கு முந்தலாமா?

மலையாளத்தில் 'சத்யா' எனப்படுவது இலை போட்டுப் பரிமாறும் சைவ விருந்து. வரிசையாக உட்கார்வதற்கு அங்கேயும் 'பந்தி' என்றுதான் பெயர். பழைய நாளில் தரையில் பாய் விரித்து உட்காருவார்கள். இப்போது பெரும்பாலும் மேசை, நாற்காலிதான்.

"பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து" என்பது நம் பழமொழி. கல்யாண மண்டபத்தில் முதல் பந்திக்கு முண்டியடிப்பதில் மலையாளிகளும் இளைத்தவர்கள் அல்ல. முகூர்த்தம் முடிவதற்கு முன்பே சாப்பாட்டுக் கூடத்தின் கதவருகே கூட்டம் சேர்ந்துவிடும். சாப்பிடுகிறவரின் நாற்காலிக்குப் பின்னால் அடுத்த பந்திக்காரர் வந்து நிற்பதும் உண்டு. புதியவர் இதைக் கண்டு மிரள வேண்டியதில்லை. இரண்டாவது, மூன்றாவது பந்தியில் நிதானமாக உட்காருவதே அவருக்கு வசதி. பக்கத்தில் இருப்பவர் எப்படிச் சாப்பிடுகிறார் என்று பார்த்துக்கொள்ளவும் நேரம் கிடைக்கும்.

வீட்டு விருந்து இப்படி அல்ல. அங்கே வீட்டுக்காரர் உட்காரச் சொன்ன இடத்தில் உட்கார வேண்டும். வயதில் மூத்தவர் யாராவது இருந்தால் அவர் கை வைத்த பிறகே மற்றவர்கள் தொடுவார்கள். பந்தி முழுவதும் பரிமாறி முடியும் வரை காத்திருப்பது மரியாதை. அதுபோலவே, தாம் முடித்துவிட்டோம் என்று பக்கத்தில் இருப்பவர் பாதியில் இருக்கும்போது சட்டென்று எழுந்துவிடக் கூடாது.

இலையின் நுனி இடப்பக்கம்

இலை போடும் முறை இரு மாநிலத்துக்கும் ஒன்றே. குறுகிய நுனி உண்பவரின் இடக்கைப் பக்கம் வர வேண்டும். அகன்ற பகுதி வலக்கைப் பக்கம் இருந்தால் சோறு பிசைய இடம் தாராளமாக இருக்கும். உப்பு, ஊறுகாய், வறுவல் போன்றவை நுனிப் பக்கம் ஒதுங்கிக்கொள்ளும். இலையில் தண்ணீர் தெளித்துத் துடைத்துக்கொள்வதும் நம் வழக்கம் போலவேதான்.

சோறு வருவதற்கு முன்பே தொடுகறிகள் ஒவ்வொன்றாக வந்து சேரும். நுனியில் நேந்திரங்காய் வறுவல், வெல்லப் பாகில் புரட்டிய 'சர்க்கர வரட்டி', பிறகு மாங்காய், நாரத்தை ஊறுகாய்கள். அவற்றோடு இஞ்சிக்கறி. புளியும் வெல்லமும் சேர்த்துக் கறுப்பாகக் காய்ச்சிய இதைப் 'புளியிஞ்சி' என்றும் சொல்வார்கள். ஓர் இஞ்சிக்கறி நூற்றெட்டுக் கறிக்குச் சமம் என்று வாய்மொழிக் கதை ஒன்று மலையாளத்தில் உண்டு. ஆகவே அதைச் சும்மா ஒதுக்கிவிடக் கூடாது.

அதற்கு அப்பால் மற்றவை வரும். பூசணிக்காயும் காராமணியும் தேங்காய்ப்பாலில் வெந்தால் ஓலன். சேனையும் வாழைக்காயும் கெட்டித் தயிரில் சேர்ந்தால் காளன். பரங்கியும் பயறும் வறுத்த தேங்காயோடு கலந்தால் எரிசேரி. கறுப்புக் கொண்டைக்கடலை சேர்ந்தது கூட்டுக்கறி. அவியல் நமக்குப் பழக்கமானதே. தோரன் என்பது தேங்காய்ப்பூ தூவிய பொரியல். பப்படம் நம் அப்பளத்தின் சகோதரன்.

பெயர் ஒன்று, பண்டம் வேறு என்பதும் உண்டு. கிச்சடி என்றதும் ரவைக் கிச்சடியை எதிர்பார்க்கக் கூடாது. இங்கே கிச்சடி என்பது வெள்ளரிக்காய் போன்றவற்றைத் தயிரில் கலந்து கடுகு அரைத்து விட்டது. 'உப்பேரி' என்ற சொல் தெற்கே வாழைக்காய் வறுவலைக் குறிக்கும். பாலக்காட்டுப் பக்கம் வந்தால் அதே சொல் காய்கறிப் பொரியலுக்கு ஆகிவிடும்.

இந்த வகைகள் எல்லாம் சிறிது சிறிதாகத்தான் வைக்கப்படும். பசிக்கிறதே என்று சோறு வருமுன் அவற்றைக் காலி செய்துவிட்டால் பிறகு வெறும் சோற்றோடு உட்கார வேண்டியிருக்கும். இரண்டு துண்டு வறுவலைக் கொறித்துக்கொண்டு காத்திருக்கலாம். அதற்கு மேல் வேண்டாம்.

சோறும் அதன் வரிசையும்

பல இடங்களில் சோறு சிவப்பாக, பருமனாக இருக்கும். பாலக்காட்டு மட்டை என்று பேர் பெற்ற, புவிசார் குறியீடும் பெற்ற அரிசி இந்த வகை. பொன்னி அரிசிக்குப் பழகிய வாய்க்கு முதலில் வேகாத சோறோ என்று தோன்றும். அது வெந்த சோறுதான். தவிடு முழுதும் போகாததால் அந்த நிறம், அந்தக் கடினம். மென்று தின்றால் ருசி தெரியும்.

முதலில் பருப்பும் நெய்யும் வரும். பப்படத்தை நொறுக்கிப் போட்டுப் பருப்புச் சோற்றோடு பிசைந்து சாப்பிடுவார்கள். அடுத்தது சாம்பார். இதுவரை தமிழ்நாட்டுச் சாப்பாடு போலவே இருக்கும். இதற்குப் பிறகுதான் நம்மவர் தடுமாறுவார். சாம்பார் முடிந்ததும் ரசத்துக்காக அவர் சோற்றைக் குழி பண்ணிக்கொண்டு காத்திருப்பார். வருவதோ பாயசம்! தென்பகுதிகளிலும் வேறு பல இடங்களிலும் பாயசம் நடுவில் வந்துவிடும். அது முடிந்த பிறகு மறுபடி கொஞ்சம் சோறு, ரசம், புளிசேரி அல்லது மோர் என்று சாப்பாடு நிறைவு பெறும். இந்த வரிசை ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும். ஆகவே சாம்பாருக்கே வயிற்றை நிரப்பிவிடாமல் இடம் வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

பாயசத்துக்குக் கிண்ணம் தேட வேண்டாம்

கேரளத்துப் பாயசத்தில் வெல்லமும் தேங்காய்ப்பாலும் சேர்ந்ததைப் 'பிரதமன்' என்பார்கள். அரிசி அடை போட்டது அடப் பிரதமன். பால் சேர்ந்தது பாலடை. பெரிய சத்யாவில் இரண்டு, மூன்று பாயசங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும்.

சில மண்டபங்களில் காகிதக் கோப்பையில் தருவதும் உண்டு. ஆனால் முறையான சத்யாவில் பாயசத்தை இலையிலேயே ஊற்றுவார்கள். அதற்கு முன் இலையின் நடுப்பகுதியைக் காலியாக வைத்துக்கொள்ள வேண்டும். ஊற்றியதும் ஓடிவிடுமே என்ற பயம் வேண்டாம். பிரதமன் கெட்டியாகத்தான் இருக்கும். ஒரு பப்படத்தையோ ஒரு சிறிய பூவன் பழத்தையோ அதில் நொறுக்கிப் பிசைந்து, விரல்களால் வழித்து உண்பார்கள். உப்பான பப்படமும் இனிப்பான பாயசமுமா என்று முகம் சுளிக்கிறவர், ஒரு வாய் உண்டு பார்த்தபின் இன்னொரு பப்படம் கேட்பார். திருவனந்தபுரத்துப் பக்கம் போனால் பாயசத்தோடு போளியும் சேரும். திகட்டினால் ஓரத்தில் இருக்கும் எலுமிச்சை ஊறுகாயைத் தொட்டு நாக்கில் வைத்துக்கொள்வார்கள். அது அங்கே இருப்பதன் பயன்களில் அதுவும் ஒன்று.

"கழிச்சோ?" என்றால் கோபம் வேண்டாம்

புதிதாக வந்த தமிழரைத் திடுக்கிட வைக்கும் முதல் மலையாளச் சொல் "ஊணு கழிச்சோ?" என்பதுதான். மத்தியான வேளையில் யாரைப் பார்த்தாலும் இதைத்தான் கேட்பார்கள். தமிழில் கழித்தல் என்றால் வேறு பொருள்கள் உண்டு. மலையாளத்தில் அது உண்பதைக் குறிக்கும் மரியாதையான சொல். "சாப்பாடு ஆயிற்றா?" என்பதே கேள்வி.

இன்னொன்று சோறு. தமிழ்நாட்டில் பட்டணத்து வீடுகளில் 'சாதம்' என்றால்தான் நாகரிகம் என்று ஒரு நினைப்பு. மலையாளத்தில் பணக்கார வீட்டிலும் 'சோறு'தான். "சோறு வேணோ?" என்று ஒருவர் கேட்டால் அவர் நம்மைத் தாழ்த்திப் பேசுகிறார் என்று எண்ணக் கூடாது.

'வெள்ளம்' என்றால் குடிதண்ணீர். 'சர்க்கர' என்றால் வெல்லம். நாம் சர்க்கரை என்பதை அவர்கள் 'பஞ்சசார' என்பார்கள். 'பழம்' என்றால் பெரும்பாலும் வாழைப்பழமே. 'கறி' என்றதும் ஆட்டுக்கறி என்று மகிழவும் வேண்டாம், சைவர்கள் பதறவும் வேண்டாம். சோற்றோடு சேரும் குழம்பு, கூட்டு எல்லாமே அங்கே கறிதான். புலாலுக்குப் பெயர் 'இறச்சி'.

பந்தியில் ஐந்து சொற்கள் தெரிந்தால் போதும். 'வேணம்' என்றால் வேண்டும். 'வேண்டா' என்றால் வேண்டாம். 'கொறச்சு' என்றால் கொஞ்சம். 'மதி' என்றால் போதும். 'நன்னாயி' என்றால் நன்றாக இருந்தது. பரிமாறுகிறவர் குனியும்போதே "கொறச்சு மதி" என்று சொல்லிவிட்டால் இலையில் மீதியாகாது. சொல் வராவிட்டால் இலைக்கு மேலே கையைக் குவித்துக் காட்டலாம். அந்தச் சைகை எல்லை தாண்டியும் செல்லும்.

பிடித்தது இன்னொரு முறை வேண்டுமென்றால் கேட்பதில் வெட்கமில்லை. பத்தனம்திட்டை மாவட்டத்து ஆரன்முளையில் 'வள்ளசத்யா' என்றொரு விருந்து நடக்கிறது. பாம்புப் படகுபோல் நீண்ட பள்ளியோடங்களில் துழாவி வருகிறவர்கள், பந்தியில் உட்கார்ந்து, வேண்டிய பண்டத்தைப் பாட்டாகவே பாடிக் கேட்பார்கள். கேட்டதை இல்லை என்னாமல் தர வேண்டும் என்பது அங்கே விதி. கேட்டு வாங்கி உண்பது விருந்தளித்தவருக்குப் பெருமையே தவிரக் குறையல்ல.

சிவப்பு நிறத்தில் தண்ணீர்

டம்ளரில் இளஞ்சிவப்பு நிறத்தில் சுடுநீர் வைப்பார்கள். பழரசமோ, துருப்பிடித்த தண்ணீரோ என்று சந்தேகப்பட வேண்டாம். பதிமுகம் என்ற மரத்தின் செதில்களைப் போட்டுக் கொதிக்க வைத்த குடிநீர் அது. சில வீடுகளில் சீரகமோ சுக்கோ போட்டிருப்பார்கள். கேரளத்தில் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கும் பழக்கம் பரவலாக உண்டு. மழைக்காலத்தில் வயிற்றுக்கு அதைவிட நல்லது இல்லை. அதை மறுத்துப் பச்சைத் தண்ணீர் கேட்பதைவிட அதையே குடிப்பது நல்லது.

இறைச்சி விருந்து

எல்லா விருந்தும் சைவமல்ல. வடக்கே மலபாரில் சில ஊர்களில் கல்யாண இலையிலேயே மீனோ கோழியோ வருவதுண்டு. இடுக்கியில் கிறிஸ்தவக் குடும்பங்கள் மிகுதி. அவர்கள் வீட்டுக் கல்யாணத்தில் ஆப்பமும் ஸ்டூவும், மீனும், மாட்டிறைச்சி வறுவலும் இருக்கும். பாலக்காட்டில் தமிழ் பேசும் ராவுத்தர் வீடுகளில் பிரியாணி மணக்கும்.

இங்கே புதியவர் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுண்டு. கேரளத்தில் மாட்டிறைச்சி ஒளித்து உண்ணும் பண்டமல்ல. 'பீஃப்' என்றும் 'போத்து' என்றும் சாதாரணமாகப் பேசுவார்கள். போத்து என்றால் எருமை. அதை உண்ணாதவர் முன்கூட்டியே "எனக்கு இது வேண்டா" என்று அமைதியாகச் சொன்னால் யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். இலையில் வாங்கி வைத்துக்கொண்டு முகத்தைச் சுளிப்பதும், பக்கத்தில் உண்கிறவரை ஒரு மாதிரி பார்ப்பதும்தான் தவறு. உண்பவர் உண்ணட்டும், உண்ணாதவர் விடட்டும் என்பதே அங்கே நடைமுறை.

ஹோட்டல் ஊணில் ஓர் எச்சரிக்கை

விருந்துக்கு அழைப்பு வராத நாளிலும் தொழிலாளிக்கு மத்தியானச் சாப்பாடு வேண்டுமே! சிறு ஹோட்டல்களில் 'ஊணு' என்ற பலகை தொங்கும். சோறு, சாம்பார், தோரன், மோர், பப்படம் எல்லாம் அதில் அடங்கும். பல கடைகளில் சோற்றை மறுபடியும் கேட்டு வாங்கலாம். மீன் குழம்பின் சாறும் பெரும்பாலும் ஊணோடு சேர்ந்தே வரும்.

ஆனால் பரிமாறுகிறவர் ஒரு தட்டில் வறுத்த மீனை அடுக்கிக்கொண்டு வந்து "ஸ்பெஷல்?" என்று கேட்பார். ஊணோடு சேர்ந்தது என்று எண்ணித் தலையாட்டினால் பில்லில் அது தனியாக ஏறும். மீனின் விலை ஊணின் விலையைத் தாண்டிவிடுவதும் உண்டு. தினக்கூலிக்காரர் வாங்குமுன் "எத்ரயா?" என்று விலையைக் கேட்டுவிடலாம். அப்படிக் கேட்பது அங்கே சகஜம். டீக்கடையில் வடை, பழம்பொரி போன்ற 'கடி'களும் இப்படித்தான். எத்தனை எடுத்தோம் என்று நாமே கணக்குச் சொல்லிக் காசு கொடுக்க வேண்டும். அந்த நம்பிக்கையைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது.

இலையை எந்தப் பக்கம் மூடுவது?

சாப்பிட்டு முடித்தபின் இலையின் மேல் பாதியைத் தம் பக்கமாக மடித்து மூட வேண்டும். திருப்தியாயிற்று, இந்த உறவு தொடரட்டும் என்பது அதன் பொருள். எதிர்ப்பக்கமாக மடிப்பது துக்க வீட்டு வழக்கம் என்று பலரும் கருதுகிறார்கள். தமிழ்நாட்டுக் கிராமங்களிலும் இதே நம்பிக்கை உண்டு. கல்யாண வீட்டில் கவனமின்றி மாற்றி மடித்துவிட்டால் மூத்தவர்கள் மனம் சங்கடப்படும்.

துக்க வீட்டிலும் சாப்பாடு உண்டு. இறந்தவருக்குப் பதினாறாம் நாள் நடக்கும் 'அடியந்திர'த்துக்கு அழைத்தால் போக வேண்டும். அங்கே "நன்னாயி" என்று ருசியைப் புகழக் கூடாது. உண்டு, பேசாமல் எழுந்து, கை கழுவி, வீட்டாரிடம் இரண்டு வார்த்தை ஆறுதல் சொல்லி வந்தால் போதும்.

கல்யாண மண்டபத்தில் இலையை எடுக்க ஆட்கள் இருப்பார்கள். கோயில் அன்னதானம் போன்ற இடங்களில் அவரவர் இலையை அவரவரே எடுத்துப் போடுவதும் உண்டு. முன்னால் எழுந்தவர் செய்வதைப் பார்த்துச் செய்யலாம்.

அந்த இடம் சும்மா கிடைத்ததல்ல

பந்தியில் யார் வேண்டுமானாலும் யாருக்குப் பக்கத்திலும் உட்காரலாம் என்பது இன்று சாதாரணம். ஒரு நூற்றாண்டுக்கு முன் அப்படி இல்லை. சாதிக்கொரு பந்தி, சிலருக்குப் பந்தியே இல்லை என்ற நிலை இருந்தது.

1917 மே 29-ஆம் தேதி கொச்சி ராஜ்யத்துச் செறாயியில் கே. ஐயப்பன் என்ற ஈழவ இளைஞர், புலையர் சிறுவர்களையும் உடன் உட்கார வைத்து 'மிசிரபோஜனம்' என்ற கலப்பு விருந்து நடத்தினார். சொந்தச் சாதியாரே அவரை ஒதுக்கினார்கள். 'புலையன் ஐயப்பன்' என்று ஏளனம் செய்தார்கள். அவர் அதையே பட்டமாக ஏற்றுக்கொண்டார். பின்னாளில் 'சகோதரன் ஐயப்பன்' என்று நாடே அவரைப் போற்றியது.

பாலக்காட்டில் இதே காரியத்தில் இறங்கியவர் தமிழ் அந்தணக் குடும்பத்தில் பிறந்த டி. ஆர். கிருஷ்ணசாமி ஐயர். கலப்புப் பந்தியில் உட்கார்ந்து உண்டதற்காகச் சொந்தச் சமூகம் அவரை விலக்கி வைத்தது. அவர் அஞ்சவில்லை. அகத்தேத்தறையில் சபரி ஆசிரமத்தை நிறுவி, எல்லாச் சாதிக் குழந்தைகளையும் ஒன்றாகத் தங்க வைத்துப் படிக்க வைத்தார். காந்தியடிகள் 1925, 1927, 1934 ஆகிய ஆண்டுகளில் அந்த ஆசிரமத்துக்கு வந்தார். வைக்கம் கோயிலைச் சுற்றிய தெருக்களில் எல்லோரும் நடக்கும் உரிமைக்காக 1924-ல் தொடங்கிய சத்தியாக்கிரகத்தில் ஈரோட்டிலிருந்து வந்து இரு முறை சிறை சென்றவர் பெரியார் என்பதும் வாசகர்கள் அறிந்ததே.

பந்தியில் ஓர் இடத்துக்காகச் சாதி விலக்கை ஏற்றவர்கள் இருக்கிறார்கள். அப்படிக் கிடைத்த இடத்தைக் கூச்சத்தால் காலியாக விட்டுச் சமையல்கட்டுக்குப் பின்னால் போய் நிற்பது எந்த விதத்தில் சரி?

கொரியர் மேசையிலும் இதே கதை

தெரியாத பந்தி என்ற பயம் எல்லைப்புறத் தமிழருக்கு மட்டும் உரியதல்ல. ஸ்ரீபெரும்புதூர் அருகே ஹூண்டாய் கார் தொழிற்சாலை 1998-ல் உற்பத்தியைத் தொடங்கியது. அதன் பிறகு சென்னைப் பக்கம் கொரியர்கள் பலர் குடியேறினார்கள். அவர்களுக்கான உணவகங்களும் வந்தன. அங்கே மேசை நடுவிலேயே அடுப்பு இருக்கும். இறைச்சியை அதில் சுட்டு, கீரை இலையில் பொதிந்து, நம் வெற்றிலைச் சுருள்போல் ஒரே வாயாகப் போட்டுக்கொள்வார்கள். சுற்றிலும் சின்னக் கிண்ணங்களில் தொடுகறிகள் வரும். தீர்ந்தால் மறுபடி வைப்பார்கள். மூத்தவர் முதலில் கரண்டியை எடுக்கும் வரை மற்றவர்கள் காத்திருப்பார்கள். பெரியவருக்கு எதையும் இரண்டு கையாலும் கொடுப்பார்கள்.

கொரிய மேலாளர் விருந்துக்கு அழைத்தால் முதல் தடவை போகும் தமிழ் இளைஞருக்கும் கை நடுங்கத்தான் செய்யும். ஆனால் பெரியவருக்குக் காத்திருப்பது, வீணாக்காமல் உண்பது, வைத்ததை நன்றாயிருக்கிறது என்று சொல்வது ஆகிய மூன்றும் தெரிந்தால் அங்கேயும் பாதி வேலை முடிந்தது. கொரியாவுக்கே அவ்வளவு போதும் என்றால் கோயம்புத்தூருக்கும் பாலக்காட்டுக்கும் நடுவில் என்ன பெரிய தூரம்?

பந்தியில் உட்கார்ந்தவர்கள் பழகியவர்கள்

2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு விவகாரம் கொதித்தபோது குமுளி, கம்பம்மெட்டு வழியே போக்குவரத்து நின்றது. தோட்ட வேலைக்குப் போகும் தேனி மாவட்டத்து மக்கள் பலர் வேலை இழந்து வீட்டில் இருந்தார்கள். இடுக்கியில் குடியிருந்த தமிழர்களில் அஞ்சி மலையிறங்கியவர்களும் உண்டு. அணை நீர் பற்றிய வாதம் நீதிமன்றத்துக்கும் அரசுகளுக்கும் உரியது. ஆனால் அப்படிப்பட்ட நாளில் ஒரு தொழிலாளிக்குத் துணையாவது என்ன? கல்யாணத்துக்கு வந்து உண்டவர், பேர் தெரிந்தவர், குழந்தைகளை விசாரித்தவர் என்ற பழக்கம்தான். ஒரே பந்தியில் உட்கார்ந்தவரை அந்நியன் என்று சொல்ல யாருக்கும் எளிதில் நாக்கு வராது. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று நம் முன்னோர் சொன்னது இரு பக்கத்துக்கும் பொருந்தும்.

அழைத்தவருக்குத் திருப்பி அழைப்பதும் கடமை. பொங்கல் வந்தால் மலையாளி நண்பரை வீட்டுக்குக் கூப்பிட வேண்டும். அவருக்கும் ரசம் முன்னால் வருவது விசித்திரமாக இருக்கும். பாயசத்தைக் கிண்ணத்தில் கொடுத்தால், பப்படத்தை எதில் நொறுக்குவது என்று விழிப்பார். அப்போது சிரிக்காமல் ஓர் இலையை விரித்து அதில் ஊற்றினால் அவர் மனம் குளிர்ந்துவிடும்.

கஞ்சிக்கோட்டுக் குமாஸ்தாவுக்கு அடுத்த பத்திரிகை வரும். அன்று அவர் மனைவி மக்களோடு போகலாம். இரண்டாம் பந்தியில் உட்காரலாம். "கொறச்சு மதி" என்று சொல்லி வாங்கி உண்டு, இலையைத் தம் பக்கமாக மடித்துவிட்டு எழலாம். ஏலத் தோட்டத்து அக்காமார்களும் பொட்டலம் கேட்க வேண்டியதில்லை. "சேச்சி, எங்களுக்கும் இலை போடுங்க" என்று சொன்னால் போதும், உட்கார இடம் கிடைக்கும்.